ஆட்டமும் ‘கோ’, விதியும் ‘கோ’: ‘ஊழி’ என்னும் சொல்லை முன்வைத்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘கோ’ என்னும் பலகை ஆட்டத்தைப் பற்றிய ‘ஹிகாரு நோ கோ’ அனிமே தொடருக்குத் தமிழ்த் துணையுரை எழுதுவதற்காகத் தொடங்கிய சொற்பட்டியலில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. கட்டத்தில் வைக்கும் கல்லைக் ‘காய்’ என்பதிலும், எதிராளியின் காய்களுக்கிடையே உள்ள தொடர்பை அறுப்பதை ‘வெட்டு’ என்பதிலும், சூழ்ந்து எடுப்பதைப் ‘பிடி’ என்பதிலும் யாருக்கும் மறுப்பில்லை. ஒரு சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது: ஒரே காயை இருவரும் மாறி மாறிப் பிடிப்பதைத் தடுக்கும் ‘கோ’ என்னும் விதியின் பெயர். அதை ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்ற கருத்து வலுத்து வருவதால், ஏன் அது கூடாது என்பதையும் அதற்கு ஈடாக ‘ஊழி’ என்ற சொல்லை ஏன் முன்மொழிகிறேன் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜப்பானியத்தில் ஆட்டத்தின் பெயரில் உள்ள ககரம் ‘காந்தி’யில் ஒலிப்பது போன்றது; உயிர் குறில். நாம் பேசும் விதியின் பெயரிலோ ககரம் ‘கண்’ணில் ஒலிப்பது போன்றது, உயிர் நெடில். ஆகவே அம்மொழியில் இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. தமிழ் எழுத்தில் ககர வேறுபாடு மறைந்துவிடுகிறது. உயிரின் வேறுபாட்டையாவது காத்து, ஆட்டத்தைக் ‘கொ’ என்றும் விதியைக் ‘கோ’ என்றும் எழுதலாம் என அன்பர் ஒருவர் சொன்னது கூர்மையான யோசனைதான். ஆனால் நன்னூல் காட்டும் நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளில் குறிலாக நிற்பவை ‘நொ’, ‘து’ என்னும் இரண்டே. தனிக்குறில் சொல்லாக நிற்பதை நம் நாவும் ஏற்பதில்லை. ‘கொ’ என்று எழுதினாலும் வாசகர் அதை நீட்டியே படிப்பார். வேற்றுமை உருபு ஏறும்போது சிக்கல் இன்னும் பெருகுகிறது. ‘கோவில் கோ வந்தால்’ என்று எழுதினால், திரையில் இரண்டு மூன்று நொடி மட்டுமே நிற்கும் ஒரு வரியில், பார்ப்பவர் கோயிலைத்தான் நினைப்பார்.

சொல்லைத் தேடுமுன் அது குறிக்கும் நிலையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கறுப்புக் காயின் மூன்று பக்கமும் வெள்ளைக் காய்கள். நான்காவது பக்கத்துப் புள்ளி காலி. வெள்ளை அங்கே ஒரு காயை வைத்துக் கறுப்பைப் பிடித்து எடுத்துவிடுகிறது. இப்படி வந்தமர்ந்த வெள்ளைக் காயின் மற்ற மூன்று பக்கங்களிலும் கறுப்புக் காய்கள் நிற்க, அதற்கு மூச்சுவிடக் கிடைக்கும் ஒரே இடம் சற்றுமுன் காலியான அந்தப் புள்ளிதான். அங்கே கறுப்பு மீண்டும் ஒரு காயை வைத்தால் வெள்ளை பிடிபடும்; பலகை முந்தைய நிலைக்கே திரும்பிவிடும். இதைத் தடுக்காவிட்டால் இருவரும் மாறி மாறி ஒரே காயைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். எனவே உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது, வேறெங்காவது ஒரு காய் வைத்த பிறகே பிடிக்கலாம் என்று விதி சொல்கிறது. அந்த ‘வேறெங்காவது’தான் ஆட்டத்தின் உயிர்நாடி: எதிராளி பதில் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் வைத்தால், அவர் அங்கே கட்டுண்டிருக்கும் வேளையில் இங்கே வந்து பிடித்துக்கொள்ளலாம்.

குழுவில் பலரும் விரும்பும் ‘மறுபிடி’ என்ற சொல் எளியது, பார்த்தவுடன் புரிவது. இந்த விதியைக் குறிக்கும் சீன எழுத்துக்குப் பறித்தல் என்ற பொருளும் உண்டு என்பதால் அதற்கு வேர்ச்சான்றும் இருக்கிறது. இருந்தும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. எதிராளி ஒரு காயைப் பிடிக்கும்படி வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, அடுத்த நொடியே அதே புள்ளியில் காய் வைத்து அவருடைய பல காய்களை மொத்தமாக அள்ளும் உத்தி ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு; ஜப்பானியர் அதை ‘உத்தெகயேஷி’ என்பர். பலகை பழைய நிலைக்குத் திரும்பாததால் அங்கே உடனடியாகத் திருப்பிப் பிடிப்பதற்குத் தடையே இல்லை. ‘மறுபிடி’ என்ற சொல் அந்த உத்திக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. மறுபிடி தடுக்கப்பட்ட நிலைக்கே ‘மறுபிடி’ என்று பெயரிட்டால், தொடரைப் பார்த்து ஆட்டம் பழகவரும் பிள்ளை முதல் வாரத்திலேயே குழம்பிப்போகும்.

இனி ‘ஊழி’. விதியைக் குறிக்கும் அதே எழுத்தைத்தான் பௌத்தர்கள் ‘கல்பம்’ என்ற வடசொல்லுக்கு வழங்கினார்கள். கணக்கில் அடங்காத நெடுங்காலம், முடிவின்றிச் சுழல்வது என்ற அந்தப் பொருளே ஆட்டச் சொல்லுக்கு விளக்கமாகப் பெரிதும் சொல்லப்படுகிறது. தமிழில் அதற்குக் ‘கற்பம்’ என்ற வடிவம் உண்டு. ஆனால் அது கர்ப்பத்தோடும் காயகற்பத்தோடும் மயங்கும். ‘ஊழி’யோ நம்முடைய சொல். ‘ஊழி பெயரினும் தாம்பெயரார்’ என்ற குறளைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதன் பொருளை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஊழி என்றால் ஊழித்தீயும் ஊழிக்கூத்தும் நினைவுக்கு வரும், விளையாட்டுக்கு அழிவுச்சொல் எதற்கு என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். ஜப்பானிலேயே அந்த நிழல் இச்சொல்லின் மேல் விழுந்திருக்கிறது என்பதே என் விடை. ஒரே பலகையில் மூன்று ஊழிகள் ஒருங்கே அமைந்தால், விதியை மீறாமலே இருவரும் முடிவின்றிச் சுற்றிவரலாம். ஜப்பானிய விதிப்படி அந்த ஆட்டம் முடிவில்லாதது என்று கைவிடப்படும். 1582இல் ஜப்பானியப் போர்த்தலைவர் ஓதா நொபுநாகா ஹொன்னோ கோயிலில் உயிர்விடுவதற்கு முந்திய இரவு அவர் முன்னிலையில் ஆடிய ஆட்டத்தில் இந்த மூவூழி தோன்றியது என்பது செவிவழிக் கதை. ஆடியவர்களுள் ஒருவராக அக்கதை சொல்லும் நிக்காய், பின்னாளில் ஹொன்இன்போ என்னும் கோ ஆட்டக்காரர் மரபைத் தொடங்கிய சன்சா. தொடரில் நாயகன் ஹிகாருவிடம் வந்து சேருமுன் சாய் என்னும் ஆவி யாருடன் வாழ்ந்ததாகச் சொல்கிறதோ, அந்த ஷூசாகு (1829–1862) அதே மரபில் வந்தவர்.

கலைச்சொல் என்பது கிளைக்கவும் வேண்டும். எவரும் தொடங்கத் துணியாமல் நெடுநேரம் கிடக்கும் வகையை ஜப்பானியர் பத்தாயிரம் ஆண்டு என்ற அடைமொழியால் குறிப்பர். நாம் ‘நெட்டூழி’ என்போம். ஒருவருக்கு இழக்க ஏதுமில்லாமல், பூக்காட்சிக்குப் போனவர்போல நிம்மதியாக ஆடத்தக்க வகை ‘பூக்காண் ஊழி’ ஆகும். ஆட்டத்தின் கடைசியில், அரைப்புள்ளி வித்தியாசத்தில் வெற்றி தோல்வி தீரவிருக்கும்போது இருவரும் மல்லுக்கட்டும் சிறு ஊழி ‘அரையூழி’. ‘ஊழிப்போர்’, ‘ஊழித்தடை’ என்பனவும் இயல்பாகப் புணர்கின்றன. ஹிகாருவும் அவன் போட்டியாளன் அகிராவும் ஆடும் காட்சியில், பார்வையாளர் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லாக “ஊழி!” என்று சொல்வதாக எழுதிப் பாருங்கள், காட்சியின் இறுக்கம் குலையவில்லை.

எதிராளியைக் கட்டிப்போட வேறிடத்தில் வைக்கும் காய்க்கு மட்டும் இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. ஊழிப்போருக்கான கைப்பொருள் என்ற கருத்தில் ‘ஊழிமுதல்’ என எண்ணினேன். சமய இலக்கியத்தில் அது இறைவனைச் சுட்டும் சொல்லாதலால் விட்டுவிட்டேன். ‘ஊழி மிரட்டல்’ பொருளில் சரி, ஆனால் ‘என்னிடம் மூன்று மிரட்டல் இருக்கிறது’ என்று ஆடுபவர் சொல்வாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆட்டம் அறிந்தவர்கள் இந்த ஒன்றுக்கு எழுதுங்கள். ‘ஊழி’க்கு மறுப்பிருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.