ஜீப்புக்கு வின்ச் வயரிங்: உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்மார்களே. சூரியநெல்லியிலிருந்து கொளுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். மழைக்காலச் சேற்றுக்காக 12 வோல்ட், 9500 பவுண்டு வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கிற மோட்டார்) மாட்டினேன். மாட்டித் தந்தவர் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக வயர் இழுத்துவிட்டார். நடுவில் கட்-ஆஃப் சுவிட்ச் இல்லை, வயர் நுழைகிற தகட்டுத் துளையில் ரப்பர் புஷ்ஷும் இல்லை. முழு இழுப்பில் 400 ஆம்பியரைத் தொடும்; வயர் உரசித் தோல் கிழிந்தால் தீதான். ஆள் ஏற்றுகிற வண்டி, மனசு கேட்கவில்லை.

எர்த்தை சேஸில் (வண்டிச் சட்டத்தில்) விடாமல் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோகப் போகிறேன். சரி, கேபிள் 35 சதுர மி.மீ. போதுமா, 50 வேண்டுமா? போக வர நாலு மீட்டர் வரும். ஃபியூஸ் போட்டால் பாதி இழுப்பில் போய்விடும் என்கிறார்கள், உண்மையா?

அப்புறம், போடி பக்கம் லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) ஒழுங்காக கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பொருத்தித் தரும் கடை இருந்தால் சொல்லுங்கள். அதுவரை வின்ச் வயரை பேட்டரியிலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன்.