ஏஜென்ட் இல்லாமல் விசா விதிகளை நாமே படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

தாழைமடல் (கேள்வி)

வெளிநாட்டில் வேலை விசாவில் இருக்கிறேன். இதுவரை புதுப்பிக்கிற வேலையெல்லாம் கம்பெனி எச்ஆர், அவங்க வச்சிருக்கிற ஏஜென்ட் மூலமாவே நடந்தது. இனிமே விதியை நானே படிச்சு முடிவெடுக்கப் பழகணும். எந்த நாடுன்னு வேணும்னேதான் சொல்லலை. எங்கே போனாலும் கைகொடுக்கிற மாதிரி, படிக்கிற முறைதான் எனக்கு வேணும்.

மூணு இடத்துல முட்டிக்கிட்டு நிற்கிறேன். பாஸ்போர்ட்ல ஒட்டின விசாவில் ஒரு தேதி, கையில் இருக்கிற தாளில் இன்னொரு தேதி. இதுல எது என்னைக் கட்டுப்படுத்தும்? அரசாங்க இணையதளத்துலயே ஒரு பக்கம் ஒண்ணு சொல்லுது, இன்னொரு பக்கம் வேற சொல்லுது. எதை எடுத்துக்கிறது? விண்ணப்பம் போட்ட பிறகு, முடிவு வர்றதுக்குள்ள பழைய அனுமதி காலாவதியானா வேலைக்குப் போகலாமா, வெளிநாட்டுப் பயணம் போகலாமா?

கலங்கரை

விசா வேற, தங்குறதுக்கான அனுமதி வேற. விசா உங்களை எல்லை வரைக்கும் கொண்டுவந்து விடும். உள்ளே வந்தபிறகு எத்தனை நாள் இருக்கலாம்னு சொல்றது பல நாடுகள்ல வேற பதிவு.

அமெரிக்காவை எடுத்துக்குங்க. அங்கே தங்குற காலத்தை முடிவு பண்றது, நுழையும்போது உருவாகுற ஐ-94 பதிவு. ஸ்டிக்கர்ல 2028 வரைன்னு இருக்கும். ஆனா பாஸ்போர்ட் 2027 மார்ச்ல முடியுதுன்னா, எல்லை அதிகாரி ஐ-94ஐ அந்த மார்ச்சோடயே நிறுத்திடலாம். அப்புறம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சாலும் ஐ-94 தானா நீளாது. கையில் புது பாஸ்போர்ட், செல்லுபடியான விசா, வேலைக்கான ஒப்புதல் கடிதம் மூணும் இருக்கும், ஐ-94 மட்டும் முடிஞ்சு பல மாசம் ஆகியிருக்கும். இந்த நிலைமையில பலர் மாட்டுறாங்க, மாட்டினதே தெரியாம வேலையும் பார்க்கிறாங்க. சட்டவிரோதமா தங்கினது 180 நாளைத் தாண்டினபிறகு நாட்டைவிட்டு வெளியேறினா 3 வருஷத் தடை, ஒரு வருஷத்தைத் தொட்டுட்டா 10 வருஷத் தடை. அதனால ஒவ்வொரு தடவை நுழைஞ்சதும் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையோட தளத்தில் போய் ஐ-94ஐ இறக்கி, தேதியைச் சரிபாருங்க. போன தடவை சரியா இருந்ததுங்கிறது இந்தத் தடவைக்குப் பொருந்தாது.

கனடாவிலும் வேலை அனுமதி பாஸ்போர்ட் முடியுற தேதியைத் தாண்டாது. எந்த நாடா இருந்தாலும் முதல்ல பாஸ்போர்ட், அப்புறம் விசா. இந்த வரிசையை மாத்தாதீங்க.

ஒரு தாளில் இதையெல்லாம் எழுதி வச்சுக்குங்க: பாஸ்போர்ட் முடியுற நாள், விசா முடியுற நாள், தங்கும் அனுமதி முடியுற நாள், வேலை அனுமதி தனியா இருந்தா அது முடியுற நாள், புதுப்பிக்க விண்ணப்பிக்கக்கூடிய முதல் நாள். இந்த முடிவுத் தேதிகள்ல எது முதல்ல வருதோ அதையே பாதுகாப்புக்காக உங்க கெடுவா வச்சுக்குங்க. முகவரி மாறினா தெரிவிக்க வேண்டிய கெடுவையும் அதிலேயே சேர்த்துக்குங்க. ஜப்பானில் 14 நாள், அமெரிக்காவில் 10 நாள், ஜெர்மனியில் இரண்டு வாரம். சின்ன விஷயம்னு இதை விட்டுடறாங்க, புதுப்பிக்கும்போது இதுதான் எதிரே வந்து நிற்கும்.

ஓலைச்சுவடி

இரண்டாவது கேள்விக்கு. இணையதளத்தில் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே எடை கிடையாது. சட்டம் மேலே, அதன்கீழ் விதிகள், அதன்கீழ் அதிகாரிகளுக்கான வழிகாட்டி, கடைசியில்தான் பொதுமக்களுக்கான கேள்வி-பதில் பக்கம். நாம் வழக்கமாகப் படிப்பது இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும். அது சுருக்கம், விதிவிலக்குகள் அதில் உதிர்ந்துபோயிருக்கும். முரண் தென்பட்டால் ஒரு படி மேலே ஏறிப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதிகாரிகள் முடிவெடுக்கப் பயன்படுத்தும் வழிகாட்டியையே சில நாடுகள் வெளியிடுகின்றன. பிரிட்டன் உள்துறையின் வழிகாட்டிகள் அரசுத் தளத்தில் கிடைக்கின்றன. அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தன் கொள்கைக் கையேட்டையும், கனடா தன் அதிகாரிகளுக்கான செயல்முறை அறிவுரைகளையும் வெளியிடுகின்றன. எந்த ஆவணம் எதை நிரூபிக்கும், எது இல்லையென்றால் விளக்கம் கேட்பார்கள், எது இல்லையென்றால் நேரடியாக நிராகரிப்பார்கள் என்பது அங்கேதான் இருக்கும். நேரம் குறைவாக இருந்தால் கேள்வி-பதில் பக்கத்தைக்கூட விட்டுவிட்டு இதைப் படிக்கலாம்.

படிக்கும்போது மூன்று இடங்களில் நில்லுங்கள். வரையறைப் பகுதி முதலாவது. "குடும்பத்தினர்", "தொடர்ச்சியாகத் தங்கியிருத்தல்", "சம்பளம்" போன்ற சொற்களுக்குச் சட்டத்தில் தனிப் பொருள் இருக்கும். சம்பளம் என்பதில் படிகள் சேருமா என்பதை வைத்தே தகுதி மாறிவிடும். அடுத்து, "வழங்க வேண்டும்" என்றிருக்கிறதா, "வழங்கலாம்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது உங்கள் உரிமை, இரண்டாவது அதிகாரியின் விருப்புரிமை. விருப்புரிமை இருக்கும் இடத்தில் கூடுதல் சான்றும் விளக்கக் கடிதமும் வைப்பதுதான் விவேகம். மூன்றாவது, விதி எந்த நாளிலிருந்து அமலுக்கு வருகிறது, அதற்கு முன்பே விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதியா புதிய விதியா என்ற பகுதி. விதி மாறும்போது பதற்றமெல்லாம் இதைப் படிக்காததால் வருவதுதான்.

அந்த நாட்டு மொழி தெரியாவிட்டால் அரசுத் தளத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கலாம். ஆனால் ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளில் மூல மொழிப் பிரதிக்குத்தான் சட்ட வலிமை. மொழிபெயர்ப்பு பல திருத்தங்கள் பின்தங்கியும் இருக்கலாம். மொழிபெயர்ப்பில் பிரிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதே எண்ணை மூலத்தில் தேடிக் கடைசித் திருத்தத் தேதியை ஒப்பிடுங்கள்.

படிவத்திலும் கவனம் வேண்டும். யுஎஸ்சிஐஎஸ் படிவங்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்புத் தேதி சின்ன எழுத்தில் இருக்கும். ஏற்கப்படாத பழைய பதிப்பில் நிரப்பினால், உள்ளே இருப்பதைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் கெடு தாண்டிப்போனால் ஈடுகட்டுவது கடினம். ஒரே படிவத்தில் பக்கங்கள் இரு பதிப்புகளாகக் கலந்திருந்தாலும் திரும்பி வரலாம். அனுப்பும் நாளன்று படிவப் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். நீங்கள் நம்பிய விதிப் பக்கத்தையும் அன்றைய தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள்.

கலங்கரை

மூணாவது கேள்விக்கு: முடிவு வர்றதுக்குள்ள அனுமதி காலாவதியாச்சுன்னா, "இடைக்கால நிலை"ன்னு ஒண்ணு அந்த நாட்டுச் சட்டத்துல இருக்கான்னு தேடுங்க. பெரும்பாலும் இருக்கும், ஆனா நாட்டுக்கு நாடு மாறும். பொதுவான நிபந்தனை ஒண்ணுதான்: பழையது முடியறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போயிருக்கணும்.

பிரிட்டனில் இதுக்கு 1971 குடியேற்றச் சட்டத்தோட பிரிவு 3சி. முடிவு வர்ற வரைக்கும் பழைய நிபந்தனைகளோட தொடரலாம். ஆனா பிரிட்டன், அயர்லாந்து அடங்கிய பொதுப் பயணப் பகுதியைத் தாண்டிப் போனா விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதா எடுத்துக்குவாங்க. ஜெர்மனியில் குடியிருப்புச் சட்டம் பிரிவு 81. அதுக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பாங்க, அதுல எந்தக் கட்டத்துல குறி போட்டிருக்குன்னு பாருங்க. 4ஆம் உட்பிரிவுன்னா பழைய அனுமதி அப்படியே நீடிக்குது, வேலை பார்க்கலாம், வெளியே போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவுன்னா அந்தச் சான்றிதழை மட்டும் வச்சுத் திரும்பி நுழைய முடியாது. தாள் ஒண்ணுதான், கட்டம் மாறினா பொருளே மாறிடும். ஜப்பானில் முடிவு வர்ற வரைக்கும், இல்லேன்னா பழையது முடிஞ்ச நாளிலிருந்து இரண்டு மாசம், இதுல எது முதல்ல வருதோ அதுவரைக்கும். அமெரிக்காவில் எச்-1பிங்கிற வேலை விசா நிலையை நீட்டிக்க நேரத்தோட மனு போட்டிருந்தா அதே நிறுவனத்துல 240 நாள் வரை வேலையைத் தொடரலாம்.

ஆக, தங்கலாமா, வேலை பார்க்கலாமா, வெளியே போய்த் திரும்பலாமா என்பது மூணு தனிக் கேள்வி. ஒண்ணுக்கு "ஆமாம்"னு பதில் கிடைச்சதும் மத்ததையும் அதே கணக்குல போட்டுடாதீங்க.

தாழைமடல்

அருமை, ரொம்ப நன்றி. இன்னொண்ணு கேட்கிறேன். "180 நாள்ல 90 நாள்" மாதிரி கணக்கெல்லாம் எப்படிப் போடுறது? எண்ணும்போது எப்பவும் ஒண்ணு ரெண்டு இடிக்குது.

நாள்கணக்கு

இடிப்பதற்குக் காரணம், பயண நாளை எண்ணும் விதம் நாட்டுக்கு நாடு வேறு. ஷெங்கன் (தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி; குறுகிய காலம் வருபவர் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் தங்கலாம்) கணக்கில் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகச் சேரும். பிரிட்டனில் நிரந்தர வசிப்புக்காக வெளியே இருந்த நாள்களை எண்ணும்போது (எந்த 12 மாதத்திலும் 180 நாள் வரம்பு) முழு நாள்கள் மட்டுமே. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் சேராது. கனடாவில் நிரந்தர வசிப்பாளர் 5 ஆண்டில் 730 நாள் இருக்க வேண்டும், அங்கே நாளின் ஒரு பகுதி இருந்தாலே முழு நாள். எண்ணத் தொடங்கும் முன் இந்த ஒரு வரியை விதியில் கண்டுபிடியுங்கள்.

ஷெங்கனில் அடுத்த தவறு, 180 நாளை அரையாண்டு என்று நினைப்பது. அது நகரும் சட்டகம். தங்கும் ஒவ்வொரு நாளிலும் நின்று, அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். 2026இல் ஒருவர் ஜனவரி 10 முதல் பிப்ரவரி 8 வரை இருக்கிறார், 30 நாள். மறுபடி மே 1 முதல் ஜூன் 29 வரை, 60 நாள். ஜூன் 29 அன்று பின்னோக்கி எண்ணினால் சட்டகம் ஜனவரி 1இல் தொடங்கும். மொத்தம் சரியாக 90. ஜூன் 30 இருந்தால் ஒரு நாள் மீறல். ஜூலை 1 ஆனதும் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஜனவரி 10 சட்டகத்தை விட்டு வெளியே போவது ஜூலை 9 அன்றுதான். அன்று நுழைந்தால், பழைய நாள் ஒவ்வொன்றாக உதிர உதிர ஆகஸ்ட் 7 வரை இருக்கலாம். ஆகஸ்ட் 8 முடியாது, ஏனென்றால் அடுத்து உதிர வேண்டியது மே 1, அதற்கு இன்னும் நெடுநாள் இருக்கிறது.

ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கான கணிப்பான் இருக்கிறது. கையால் போட்டுவிட்டு அதில் சரிபாருங்கள். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே நுழைவு-வெளியேற்றப் பதிவு மின்னணு முறைக்கு மாறத் தொடங்கியது. மங்கிய முத்திரையைக் காட்டி வாதாடும் காலம் போய்விட்டது. ஒரு ஷெங்கன் நாட்டின் வசிப்பு அனுமதி உங்களிடம் இருந்தால், அந்த நாட்டில் இருக்கும் நாள்கள் இந்தக் கணக்கில் வராது. மற்ற ஷெங்கன் நாடுகளில் இருக்கும் நாள்கள் மட்டும் வரும்.

ஓலைச்சுவடி

ஆவணங்கள் பற்றி ஒரு சேர்க்கை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப்பெயராகவும், முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் வரும். பிறகு வங்கி, பட்டம், திருமணச் சான்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வடிவம் வந்துவிடும். எல்லா வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்பே தயாராக வையுங்கள்.

சான்றிதழுக்கு அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அரசு முத்திரைச் சான்று) கேட்டால், இரு நாடுகளும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும், அதற்கு வாரக்கணக்கில் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

முன்பு நிராகரிப்பு, காலம் கடந்து தங்கியது, குற்ற வழக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தனியாகப் போடாதீர்கள், உரிமம் பெற்றவரிடம் போங்கள். ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் குடியேற்ற ஆலோசகர்களின் அதிகாரபூர்வப் பதிவேட்டைப் பெயர் போட்டு ஆன்லைனில் பார்க்கலாம். அவர் நிரப்பிய படிவத்தையும் கையெழுத்துப் போடும் முன் வரிவரியாகப் படியுங்கள். அதில் தவறான தகவல் இருந்தால் பொறுப்பு உங்களுடையதுதான்.