"மேட்டர் விரைவில் வரும்" என்று விற்ற ஹப்: 11 மாதமாகியும் வரவில்லை, காசைக் கேட்கலாமா?

பொங்கோல்வாசி:
பிடிஓ (முன்பதிவு செய்து வாங்கும் புது வீவக) வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரம் சிங்கப்பூர் எக்ஸ்போவில் ஒரு கண்காட்சிக்குப் போய் டிஜிட்டல் பூட்டும், அதைச் செயலியோடு இணைக்கும் ஹப்பும் வாங்கினேன். இரண்டும் 689 வெள்ளி, அதில் ஹப் 99. பெட்டியில் மஞ்சள் ஸ்டிக்கர்: "மேட்டர் வசதி மென்பொருள் அப்டேட்டில் விரைவில்." மேட்டர் என்றால் வெவ்வேறு நிறுவனங்களின் வீட்டுக் கருவிகளும் செயலிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரநிலை. விற்றவரோ "அடுத்த காலாண்டிலேயே வந்துவிடும் அண்ணே" என்றார். ரசீதிலும் அதை எழுதித் தரச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதினார்.

மனைவியிடம் ஐபோன், என்னிடம் ஆண்ட்ராய்டு. மேட்டர் இருந்தால் ஒரே பூட்டை இருவரும் அவரவர் செயலியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் வாங்கினேன். இப்போது விளக்கு, மின்விசிறி எல்லாம் ஒரு செயலியில், பூட்டு மட்டும் தனிக்குடித்தனம்.

இதுவரை நான்கு அப்டேட் வந்தாயிற்று. ஒன்று செயலியின் நிறத்தை மாற்றியது. இன்னொன்று அவர்கள் கடைக்கான பக்கத்தைச் சேர்த்தது. போன வாரம் அதே நிறுவனம் "ஹப் 2" வெளியிட்டது, 129 வெள்ளி. மேட்டர் அதில் இருக்கிறது! மின்னஞ்சலில் கேட்டால், பழைய மாடலுக்குத் தேதி எதுவும் சொல்ல முடியாதாம்.

ரீசெட் செய்தேன், வைஃபை மாற்றினேன், செயலியை நீக்கி மறுபடி போட்டேன். என் பக்கம் ஏதாவது தவறா?

நட்டும்போல்ட்டும்:
ஹப் அமைப்புகளுக்குள் மேட்டருக்கான 11 இலக்க இணைப்பு எண்ணோ கியூஆர் குறியோ உருவாக்கும் இடம் இருக்கிறதா? பூட்டு ஹப்போடு எதில் பேசுகிறது?

பொங்கோல்வாசி:
அப்படி ஒன்றும் இல்லை. பூட்டு ஜிக்பீ (வீட்டுக் கருவிகளுக்கான வயர்லெஸ் முறை), புளூடூத்தும் உண்டு. ஃபர்ம்வேர் கடைசிப் பதிப்புதான்.

நட்டும்போல்ட்டும்:
அப்படியென்றால் உங்கள் மேல் தவறில்லை, ரீசெட் செய்வதை நிறுத்துங்கள். பூட்டு ஜிக்பீயிலேயே இருக்கலாம். ஹப் நடுவில் பாலமாக நின்று அதை மேட்டருக்கு மொழிபெயர்த்தால் போதும். மாற வேண்டியது ஹப்பின் மென்பொருள் மட்டுமே. அதற்கு அந்தச் சில்லில் நினைவகம் போதவில்லையோ, நிறுவனத்துக்கு மனம் போதவில்லையோ, வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் மேட்டர் 1.0 வெளியானது 2022 அக்டோபரில், கதவுப் பூட்டு அந்த முதல் பதிப்பிலேயே உண்டு. "தரநிலை இன்னும் முடியவில்லை" என்று யாராவது சாக்கு சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒன்று பாருங்கள். மேட்டரை நடத்தும் சிஎஸ்ஏ கூட்டமைப்பின் தளத்தில் சான்று பெற்ற பொருட்களின் பட்டியல் இருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். (நம்மூர் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும் சிஎஸ்ஏ என்றுதான் பெயர், குழம்ப வேண்டாம்.)

பொங்கோல்வாசி:
தேடினேன். ஹப் 2 இருக்கிறது. என்னுடையது இல்லை.

சாங்கி மாமா:
கல்யாணம் முடியட்டும், மீதி நகையைப் போடுகிறேன் என்று சொன்ன மாமனார் கதைதான் தம்பி. பெரிய இடத்திலும் இதே கூத்து. ஆப்பிள் 2024 ஜூனில் புது சிரி குரல் உதவியாளரைக் காட்டியது, செப்டம்பரில் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தது, 2025 மார்ச்சில் அந்த சிரி தாமதமாகும் என்றது. அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். இன்றைக்கு என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுக்க வேண்டும்.

ஈசூன் அக்கா:
மாமா, அது அடுத்த முறைக்கு. இப்போது 99 வெள்ளியைப் பார்ப்போம்.

லெமன் சட்டத்தில் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்), பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதுவார்கள், இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. உங்களுக்கு 11 மாதம், அந்தச் சலுகை போய்விட்டது. ஆனால் ரசீதில் காலாண்டு என்று எழுதி வாங்கினீர்களே, அதுதான் உங்கள் பலம். வெறும் "விரைவில்" என்றால் அவர்கள் வழுக்கிக்கொண்டு போவார்கள். பொய்யான தகவல் சொல்லி விற்பது நியாயமற்ற வர்த்தக நடைமுறை என்ற கோணத்தில் கேளுங்கள்.

ஸ்டிக்கர், ரசீது, அவர்கள் மின்னஞ்சல், சான்றுப் பட்டியல் பக்கம், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். முதலில் விற்ற கடைக்கே எழுதி, பதிலுக்கு ஒரு தேதி வையுங்கள். நிறுவனத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், காசு வாங்கியது கடை. மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம் கேஸ். அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் கிடையாது. 5,000 வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. பூட்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள், அது ஒழுங்காகத் திறக்கிறதே.

பொங்கோல்வாசி (மூன்று வாரம் கழித்து):
அக்காவுக்கு நன்றி. கடையில் முதலில் 30 வெள்ளி கூடக் கொடுத்தால் ஹப் 2 தருகிறோம் என்றார்கள். அதாவது வாக்குத் தவறியது அவர்கள், அபராதம் எனக்கு. மறுத்துவிட்டு, கேஸிடம் போவேன் என்று எழுதினேன். நான்காம் நாள் ஹப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு 99 வெள்ளியைக் கொடுத்தார்கள். பூட்டு இப்போது புளூடூத்திலும் கடவு எண்ணிலும் ஓடுகிறது. மாமியாருக்கு எண்தான் வசதியாம், செயலியைத் தொட்டதே இல்லை.

நட்டும்போல்ட்டும்:
அப்போ அந்தக் காசில் ஹப் 2 வாங்கப் போகிறீர்களா?

பொங்கோல்வாசி:
கடையிலேயே பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் மஞ்சள் ஸ்டிக்கர்: "கேமரா ஆதரவு விரைவில்." வைத்துவிட்டு வந்துவிட்டேன்.