1790 விருந்து: சமரசமா, ஏமாற்றா?

மலையமான்:
அமெரிக்க மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடனை மத்திய அரசே ஏற்கும், நிதியமைச்சர் ஹாமில்டனின் திட்டம், 1790 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 31-29 என்று தோற்றது. ஜூனில் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் தன் நியூயார்க் வீட்டில் ஹாமில்டனையும், திட்டத்தை எதிர்த்த வர்ஜீனியா உறுப்பினர் மேடிசனையும் விருந்துக்கு அழைத்தார். கடன் திட்டத்துக்கு வழிவிடுவது, பதிலுக்குத் தலைநகரை தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்கு, அதாவது இன்றைய வாஷிங்டன் நகரம் இருக்கும் இடத்துக்கு, கொண்டுபோவது என்று முடிவானது. கொள்கை பேசியே உடைந்திருக்க வேண்டிய நாட்டை இந்தப் பேரம்தான் காப்பாற்றியது என்பேன்.

சாத்தன்:
யார் காசில்? வர்ஜீனியா தன் கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்திருந்தது. மாசசூசெட்ஸ் பாக்கிக்கும் அது ஏன் அழ வேண்டும்? கடன் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்த வியாபாரிகளுக்குத்தான் கொண்டாட்டம். ஜெஃபர்சனே 1792இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், ஹாமில்டன் தன்னை ஏமாற்றிக் கருவியாக்கிவிட்டதாகப் புலம்பினாரே!

மலையமான்:
மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான போர்க்கணக்கைத் தீர்ப்பதில் வர்ஜீனியாவுக்குச் சலுகை வாங்கிக்கொண்டுதான் மேடிசன் இறங்கி வந்தார். அப்போதும் தன் வாக்கை எதிராகவே போட்டார், கெட்டிக்காரர். ஜெஃபர்சனின் புலம்பலை நான் பெரிதாக எடுப்பதில்லை. 1803இல் அவர் குடியரசுத் தலைவராக 1.5 கோடி டாலருக்கு லூசியானா நிலப்பரப்பை பிரான்சிடம் வாங்கியபோது, அதில் 1.125 கோடிக்கு அரசுப் பத்திரங்கள்தான் கொடுக்கப்பட்டன. அந்தப் பத்திரத்தை ஐரோப்பாவில் நம்பி வாங்கினார்கள் என்றால், ஹாமில்டன் போட்ட அடித்தளம் அது.

தேன்மொழி:
இருவரும் விருந்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த இரவைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஜெஃபர்சன் எழுதிவைத்தது. தலைநகர் பத்தாண்டு பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியாவில், பிறகு பொட்டோமாக்கில் என்ற பேச்சு அந்த மாநில உறுப்பினர்களோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஜூலையில் கடன் வாக்கெடுப்பில் மாறியவர்களைப் பாருங்கள். வர்ஜீனியாவின் லீ, வைட். மேரிலாந்தின் கேல், கேரல். தலைநகர் வந்தால் பலன் பெறும் மாநிலக்காரர்கள். அதிலும் அப்படி மாறுவதற்கு வைட்டுக்கு வயிற்றைப் புரட்டியதாம், ஜெஃபர்சனே சொல்கிறார்.

சாத்தன்:
சரி, அந்தக் கரையில் யார் இருந்தார்கள் என்பதையும் பேசுவோம். பென்சில்வேனியாவின் 1780 சட்டப்படி, வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை தொடர்ந்து 6 மாதம் தங்கினால் விடுதலை கோரலாம். ஃபிலடெல்ஃபியாவில் குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டன், அந்தக் கெடு முடியுமுன் தன் அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவைத்துத் தப்பித்தார். புதிய தலைநகரிலோ அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு அடிமை மாநிலங்களுக்கு நடுவே அமைந்த அங்கே 1862 வரை அடிமைமுறை சட்டப்படி செல்லும். உங்கள் சமரசத்தில் இவர்கள் பங்கு என்ன?

மலையமான்:
அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகத்தான் இடத்தைத் தேர்ந்தார்கள் என்று காட்ட ஆதாரம் வேண்டும். வாஷிங்டனுக்குப் பொட்டோமாக் வழியாக மேற்கோடு வணிகம் செய்யும் கனவு முன்பே இருந்தது. பென்சில்வேனியாக்காரர்களோ, பத்தாண்டு இருந்தால் தலைநகர் இங்கேயே தங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அது பொய்த்தது வேறு கதை.

சாத்தன்:
ஆதாரம் கேட்பது நியாயம். தெற்கு உறுப்பினர்களின் அந்த ஆண்டுப் பேச்சுகளைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன். நாட்டை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் கையெழுத்திட்ட அடிமை ஒழிப்பு மனுவுக்கு அவர்கள் கொதித்ததும் அதே 1790தான்.