அப்பாவுக்கு அடாஸ் காரை எப்படிப் பழக்குவது?

தண்டையார்பேட்டைக்காரன்:
அப்பா 30 வருடம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். போன மாதம் லெவல் 2 அடாஸ் (ஓட்டுபவருக்குத் தானாக உதவும் வசதிகள்) உள்ள கார் எடுத்தோம். ஷோரூமில் பத்து நிமிடம் பட்டன்களைக் காட்டினார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கோடு அழிந்த ஓர் இடத்தில், வண்டியைக் கோடுகளுக்குள் பிடித்துவைக்கும் லேன் அசிஸ்ட் சத்தமே இல்லாமல் விட்டுவிட்டது, அது இன்னும் பிடித்திருக்கிறது என்று நினைத்து அப்பா ஸ்டியரிங்கில் சும்மா கையை வைத்திருந்தார், வண்டி பக்கத்துக் கண்டெய்னர் லாரி பக்கம் சாய்ந்தது. நான் கத்தினேன், அவர் திருப்பிவிட்டார். அம்மா இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்கிறார். எல்லாவற்றையும் அணைத்துவிடவா, இல்லை பழக்க வழி இருக்கிறதா? வண்டி விஷயத்தில் அவர் என் பேச்சைக் கேட்கவும் மாட்டார்.

மாதவரம் மெக்கானிக்:
தப்பு அப்பா மேல் இல்லை. லெவல் 2 என்றால் ஸ்டியரிங், வேகம் இரண்டையும் கார் செய்யும், ஆனால் சாலையைப் பார்ப்பது முழுக்க ஓட்டுபவர் வேலை. இதை ஷோரூமிலேயே சொல்லியிருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து, மேனுவலில் எது எங்கே வேலை செய்யாது என்று எழுதியிருக்கும் பக்கங்களைச் சேர்ந்து படியுங்கள். முக்கியமாக நிற்கும் வண்டி. முன்னால் ஓடும் வண்டியைப் பின்தொடர்வது ரேடாருக்குச் சுலபம். ஆனால் பாலம், பெயர்ப்பலகை என்று நிற்கும் எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது என்பதால், வேகமாகப் போகும்போது நிற்பவற்றைப் பல சிஸ்டம்கள் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி மீஞ்சூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டு ஓரத்தில் லைட் இல்லாமல் லாரி நின்றால், வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் க்ரூஸ் காப்பாற்றும் என்று நம்பவே கூடாது. 2016இல் ஃபுளோரிடாவில் ஆட்டோபைலட் என்ற இதே மாதிரி வசதியில் ஓடிய டெஸ்லா கார், குறுக்கே திரும்பிய டிரெய்லரில் மோதி ஓட்டியவர் இறந்துபோனார். காரும் பிரேக் போடவில்லை, அவரும் போடவில்லை.

எர்ணாவூர் அக்கா:
தம்பி, கற்றுத்தருகிறேன் என்று அவரிடம் போகாதீர்கள். லாரியில் கிளீனர் பையனுக்கு ஓட்டப் பழக்கியிருப்பார் இல்லையா? அவன் ஸ்டியரிங் பிடித்தபோது இவர் கண் சாலையை விட்டு நகர்ந்திருக்காது. இந்தக் கார் அந்தப் பையன்தான் என்று சொல்லுங்கள். என் மாமனாரிடம் இப்படித்தான் சொன்னேன். முதல் வாரம் க்ரூஸ் மட்டும், லேன் அசிஸ்ட் வேண்டாம். போட்டதும் "போட்டாச்சு", விட்டதும் "விட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன், முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் பழகிவிட்டது. அப்படிச் சொல்லும்போதுதான் எது ஓடுகிறது என்று மனதில் நிற்கிறது. இன்னொன்று, பிரேக்கை மிதித்தால் க்ரூஸ் விட்டுவிடும், ஆனால் சில கார்களில் லேன் அசிஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் எப்படி என்று காலிச் சாலையில் பாருங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், அங்கே ஷேர் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்கே தெரியாது. அவசர பிரேக் வசதியை மட்டும் அணைக்காதீர்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
அக்கா, கிளீனர் பையன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அவனுக்கு எதெல்லாம் தெரியாதுன்னு மொதல்ல சொல்லு" என்றார். இப்போது மேனுவலோடு உட்கார்ந்திருக்கிறோம். லேன் அசிஸ்டை அணைத்தாயிற்று. ஞாயிறு காலை 6 மணிக்கு அவுட்டர் ரிங் ரோடு போகிறோம், அம்மா இன்னும் வருவதாகச் சொல்லவில்லை.