நிக்கானுக்குத் துணையாக ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தெருவிலும் பயணத்திலும் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவான நிக்கான் எஃப்எம்2 என் கையை விட்டு இறங்குவதில்லை. இப்போது காஞ்சிபுரத்து நெசவாளர்களைத் தறியருகே, ஜன்னல் வெளிச்சத்தில், கருப்பு வெள்ளையில் எடுக்க விரும்புகிறேன். பெரிய தாளில் அச்சிட்டாலும் முகச் சுருக்கமும் பட்டு இழையும் தெளிவாக நிற்க வேண்டும். 6×6 செ.மீ. நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ. நெகட்டிவைப் போல மூன்றரை மடங்கு என்பதால், அந்த அகலமான 120 ஃபிலிம் போடும் மீடியம் ஃபார்மட் கேமரா தேடுகிறேன்.

யாஷிகா மேட் 124ஜி எடை குறைவு. ஆனால் லென்ஸை மாற்ற முடியாது. மாமியா ஆர்பி67இல் பெல்லோஸ் (லென்ஸை முன்னே நகர்த்த உதவும் மடிப்புத் துருத்தி) இருப்பதால் விரல்கள் வரை நெருங்கலாம், பின்பகுதியைத் திருப்பினாலே நெட்டுவாக்கில் படம் கிடைக்கும். எடைதான் இரண்டரை கிலோவைத் தாண்டுகிறது. தறிக்குழி அருகே முக்காலி வைக்க இடம் ஏது? மனம் மாமியா சி330 பக்கம் சாய்கிறது: லென்ஸ் மாற்றலாம், பெல்லோஸும் உண்டு. ஆனால் இதைப் போல, பார்க்க ஒன்றும் பதிவுக்கு ஒன்றுமாக இரட்டை லென்ஸ் உள்ள கேமராவில் நெருங்க நெருங்க, நாம் பார்க்கும் சட்டகமும் பதிவாகும் சட்டகமும் விலகுமே!

சி330ஐக் கையில் பிடித்தே 1/60 வினாடியில் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? உருவப்படத்துக்கு 80 மி.மீ. போதுமா, 105 வேண்டுமா? பழைய கேமராவில் பெல்லோஸ் ஓட்டை, ஷட்டரின் மெதுவான வேகங்கள் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்? சென்னையில் இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.