இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் சர்க்கரை ஏறி நிற்கிறதே, எங்கிருந்து வருகிறது?

பூமண்டிக்காரன்
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். வயது 46. போன தை மாதத்திலிருந்து மெட்ஃபார்மின் மாத்திரை, காலையும் இரவும். பூ வண்டிகள் வருவதற்குள் கடையைத் திறக்க வேண்டும் என்பதால் இரவு ஒன்பதுக்கெல்லாம் படுத்து, இரண்டரைக்கு எழுந்துவிடுவேன்.

எடைச் சீட்டுக்கும் கல்லாவுக்கும் பத்து ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராத ஆள் நான். இந்தச் சர்க்கரைக் கணக்கு மட்டும் எப்படிக் கூட்டினாலும் உதைக்கிறது. படுக்கும்போது 124. வியாபாரம் முடிந்து காலை ஏழு மணிக்கு, தண்ணீர் தவிர எதுவும் வயிற்றுக்குள் போகாமல் பார்த்தால் 158. அதன்பிறகு நான்கு இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 170. ஆக, இட்லி ஏற்றுவது 12, பட்டினி ஏற்றுவது 34!

இரவுச் சாப்பாடுதான் காரணம் என்று வீட்டில் முடிவுகட்டி, சோற்றை நிறுத்திச் சப்பாத்தி போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை. கோபத்தில் ஒரு நாள் எதுவுமே சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் காலை 166. வாய் வழியாக வராத சர்க்கரை எந்த வழியாக வருகிறது?

மேலூர்க்காரன்
இதற்கெல்லாம் கவலைப்படலாமா அண்ணே? வெந்தயத்தை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரோடு குடியுங்கள். போகப்போக மாத்திரையே தேவைப்படாது. வெள்ளைச் சர்க்கரையைத் தொடாதீர்கள். நான் தினமும் கருப்பட்டி போட்ட பருத்திப்பால்தான் குடிக்கிறேன், கல் மாதிரி இருக்கிறேன்.

திருநகர் லேப் அம்மா
மேலூர்த் தம்பி, கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று ரத்தம் விசாரிப்பதில்லை. வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு. சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைக் கொஞ்சம் மெதுவாக்கும். ஆனால் இவர் கேட்பது சாப்பாட்டுச் சர்க்கரையைப் பற்றியே இல்லை. மாத்திரையை நிறுத்தும் யோசனையை யாருக்கும் எழுதாதீர்கள்.

பூமண்டித் தம்பி, பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் கேள்வியைக் கேட்காத நாள் கிடையாது. ‘சத்தியமாக நான் ஒன்றும் சாப்பிடவில்லை’ என்று அழாத குறையாகச் சொல்வார்கள். (பால் போட்ட டீயைக் குடித்துவிட்டு, ‘டீதானே’ என்பவர்களும் உண்டு. அது வேறு கதை.)

நீங்கள் வரவு எழுதாமல் விட்ட இடம் கல்லீரல். உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸைச் சேர்த்தால் ஒரு தேக்கரண்டிதான் தேறும், நான்கைந்து கிராம். மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் வரை கேட்கிறது, அதாவது மணிக்கு ஐந்து கிராம். யாரும் ஊற்றாவிட்டால் நீங்கள் படுத்த ஒரு மணி நேரத்தில் அத்தனையும் காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே? கல்லீரல்தான் ஊற்றுகிறது. அது ஒரு கிட்டங்கி. சாப்பிட்ட பிறகு வருவதில் ஒரு பங்கைக் கிளைகோஜனாக அடுக்கி, சுமார் 100 கிராம் வரை இருப்பு வைக்கும். இரவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடும். இருப்பு குறையக் குறைய, புரதத்தின் அமினோ அமிலம், தசையிலிருந்து வரும் லாக்டிக் அமிலம், கொழுப்பின் கிளிசரால் எல்லாவற்றையும் எடுத்துப் புதுச் சர்க்கரையே தயாரிக்கும். அதனால்தான் பட்டினி போட்டும் பயனில்லை.

கணையத்திலிருந்து வரும் இன்சுலின் உடம்பெங்கும் பரவுவதற்கு முன்பு நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. ‘போதும், நிறுத்து’ என்று சொல்வது அதன் வேலை. ‘எடுத்து விடு’ என்று சொல்வது குளுக்ககான். இதுவும் அதே கணையத்தில் சுரப்பதுதான். உங்களுக்கு இருக்கும் இரண்டாம் வகைச் (டைப் 2) சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வது கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை; குளுக்ககானும் அடங்குவதில்லை. போதாததற்கு, விடியலுக்கு முன் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து இன்சுலினை இன்னும் பலவீனமாக்கும். மருத்துவத்தில் இதற்கு விடியல் நிகழ்வு என்றே பெயர். நீங்கள் இரண்டரைக்கு எழுந்து, ஏழு மணி வரை வெறும் வயிற்றில் மூட்டை புரட்டுகிறீர்கள். அத்தனை நேரமும் படியளப்பது கல்லீரல்தான். தூக்கக் குறைவும் இன்சுலினுக்கு எதிரிதான்.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கைவைப்பதும் அந்தக் கல்லீரலில்தான். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஏறியிருக்குமோ!

இன்னொன்று. வீட்டு மீட்டரில் 100க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டுவது தர விதிகளின்படியே அனுமதிக்கப்பட்டது. 158க்கும் 166க்கும் சண்டை போடாதீர்கள். பழம் தொட்ட கையோடு குத்தினாலும் கூடுதலாகக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். படுக்கும்போது, இரண்டரைக்கு, ஏழுக்கு என மூன்று வேளையும் பார்த்து எழுதுங்கள்.

உசிலை வாத்தியார்
அம்மா சொன்னதற்கு ஒரு பழைய சாட்சி. 1850 வாக்கில் பிரான்சில் கிளாட் பெர்னார் என்ற உடலியல் அறிஞர் நாய்களுக்கு வெறும் இறைச்சியை மட்டும் போட்டு வளர்த்துப் பார்த்தார். குடலில் சர்க்கரையே இல்லை. கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் இருந்தது. சர்க்கரை தாவரங்களில்தான் உண்டாகும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1857இல் கிளைகோஜனையும் பிரித்தெடுத்தார். பூமண்டி கேட்ட அதே கேள்விதான்.

இரவு சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பூமண்டிக்காரன்
அம்மா, பார்த்துவிட்டேன். ஒன்பதுக்கு 121, இரண்டரைக்கு 133, ஏழுக்கு 161. நீங்கள் சொன்னபடியே வண்டி மேட்டில் ஏறுகிறது. இதில் இன்னொரு சிக்கல். என் அண்ணனுக்கும் சர்க்கரை. என்னைப் பார்த்து அவரும் இரவுச் சாப்பாட்டை விட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் உண்டு. விடியற்காலையில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்க்கிறது என்கிறார்.

திருநகர் லேப் அம்மா
இதை முதலிலேயே எழுதியிருக்கக் கூடாதா! உங்களுடையது அவசரமில்லை, அண்ணனுடையது அவசரம். கிளிமிபிரைடு சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும். பட்டினியோடு அது சேர்ந்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். இன்றிரவு அவர் சாப்பிட்டுத்தான் படுக்க வேண்டும். நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். 108க்கு அழையுங்கள்.

உங்களுக்கு இரண்டரை மணிக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்பது நல்ல செய்தி. அந்த மூன்று எண்களையும் நேரத்தோடு எழுதிக் காட்டுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையையும் (HbA1c) எடுங்கள். மாத்திரை அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா என்று மருத்துவர் அதை வைத்துத்தான் சொல்வார்.

மேலூர்க்காரன்
அம்மா, கோபிக்கக் கூடாது. பருத்திப்பால் குடித்துவிட்டு எப்போது குத்திப் பார்க்க வேண்டும்?

திருநகர் லேப் அம்மா
முதல் வாய் குடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம். எண்ணை மறைக்காமல் இங்கே எழுதுங்கள்.